தையல் மெசினுக்கு ஒரு ஓட்டு

தேறுமான்னா கேட்டீங்க? தோள்ல கெடக்கற கட்சித் துண்டைப் பார்த்துட்டுத்தானுங்களே கேட்டீங்க? தப்பில்லீங்க, கேளுங்க. வெள்ளகோவில்ல நான் பஸ் ஏறினதுல இருந்து இந்தத் துண்டைப் பார்த்த ஆளெல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் நவுந்து எடங் குடுத்து, ‘உங்க கட்சி இனித் தேறுமாங்க’ன்னு மரியாதையாக் கேட்டீங்க. முந்தியெல்லாம் எகத்தாளம் பேசறதுக்காச்சும் ஆள் இருந்தாங்க. இப்ப அதுக்கும் ஆளில்லீங்க தம்பி. எகத்தாளம் பண்ணினாலாச்சும் நாம இருக்கறோம்னு நமக்குத் தெரியும்.

தேறும்ங்க. ஏன் தேறாது? போன தடவைக்கு முந்தின தடவை தோத்தப்ப கூட்டணி இல்லைன்னு சொன்னோம். போன தடவை தோத்தப்ப கூட்டணி சரியில்லைன்னு சொன்னோம். இந்தத் தடவை என்ன ஆச்சுன்னு சொல்றதுக்குத்தான் நான் திருச்சிக்குப் போயிட்டிருக்கறேன். தலைவர் ஊட்டுக்கு. மெட்ராஸ்ல பெரிய ஆபீசு இருந்துச்சுங்க, அதைக் காலி பண்ணிப்போட்டாங்க. இப்பத் தலைவர் ஊட்டு முன்வாசல்தான் தலைமை நிலையம்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. எங்க ஒன்றியத்துக்குச் செயலாளர். கட்சி ஆரம்பிச்ச நாள்ல இருந்து நான்தான் செயலாளர். வேற ஆரும் அந்தப் பொறுப்பைக் கேட்டு வரலைங்கறது வேற விசயம்.

இன்னிக்கு நான் அங்க போயி, தலைவரோட அம்மா படத்துக்கு முன்னால சூடம் பத்த வெச்சு, அதை அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணோணும். ‘நான் கட்சிக்குத் துரோகம் பண்ணலை, என்ற ஓட்டைக் கட்சிக்குத்தான் போட்டேன்’னு. பண்ணினா நான் கட்சியில இருப்பேன். பண்ணலைன்னா நீக்கம். அடிப்படை உறுப்பினர்ல இருந்தே நீக்கம். பேப்பர்ல வராது, எங்க கட்சிச் சேதியை இப்ப எவன் போடறான்? வாட்சப்புல போடுவாங்க. ‘துரோகி சென்னியப்பன் நீக்கம்’னு போட்டோவோட போடுவாங்க. எங்கூர்ல அதைப் பாக்காம ஒருத்தன் இருக்க மாட்டான். அப்பறம் நான் எந்த டீக்கடையில போயி உக்கார்றது? சொல்லுங்க.

பயமெல்லாம் இல்லீங்க. நான் சத்தியம் பண்ணுவேன். இன்னிக்கு இந்தக் கட்சியில நெஞ்சைத் தொட்டுச் சத்தியம் பண்ற யோக்கியதை இருக்கற ஆள் நான் ஒருத்தன். பொய்ச் சத்தியம்னா எங்க ஊட்டுல நடுங்குவாங்க தம்பி. எங்க பெரியப்பன் ஒருத்தர் வாய்க்காத் தகராறுல கோயில்ல நின்னு பொய்யாச் சூடம் அடிச்சாரு. வருசம் திரும்பலை, ரெண்டு கண்ணும் போச்சு. கையைப் புடிச்சு அவரைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தவன் நான். அதனால நான் வெளையாட்டுக்குச் சொல்லலை.

எதுக்கு என்ற மேல சந்தேகம் வந்துச்சுன்னு கேளுங்க. அது பெரிய கூத்துங்க.

எங்க சின்னம் மணிங்க. பள்ளிக்கூடத்துல அடிப்பாங்களே, கைமணி, அது. அந்த மணியை எங்க ஒன்றியத்துல ஊடு ஊடாக் கொண்டுபோயிச் சேத்தினவன் நான். பெருமைக்குச் சொல்லலீங்க, எதிர்க்கட்சிக்காரனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். மொதல்ல சைக்கிள்ல போனேன், அப்பறம் மொபட்டுல போனேன். கையில ஒரு பித்தளை மணி. தெருமொனையில நின்னு அடிச்சேன்னா அடுப்புல வெச்சதை அப்படியே உட்டுட்டுச் சனம் வெளிய வந்துரும். எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைங்களுக்கு நான் சொல்லிக் குடுத்த பாடம் ஒண்ணே ஒண்ணுதான். பேரைப் பாக்காதீங்க, மொகத்தைப் பாக்காதீங்க, எவன் வந்து என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க. உள்ள போனீங்கன்னா மணி எங்க இருக்குதுன்னு பாருங்க, அமுத்துங்க, வந்துருங்க. கண்ணை மூடிக்கிட்டாலும் கை தானா மணிக்குப் போகோணும்னு சொல்லுவேன். சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். மாட்டைப் பழக்கற மாதிரி பழக்கினேன்னு வெச்சுக்குங்களேன்.

இங்க பாருங்க, இந்தக் கையில. பச்சை குத்தியிருக்கறேன், மணி. எங்க ஊட்டு இரும்புக் கேட்டுல மணி. தண்ணித் தொட்டியில மணி. என்ற சம்சாரம் பாவாத்தாள் வாசல்ல கோலம் போட்டா அதுலயும் மணிதான் போடுவா. எலெக்சன் நேரத்துல நான் போடச் சொல்லுவேன், அப்பறம் அவளுக்கே அது பழகிப்போச்சு.

ரெண்டு எலெக்சன்ல ஓட்டுப் பத்தலைன்னு கட்சிக்கு அங்கீகாரம் போயிருச்சுங்க. அங்கீகாரம் போனாச் சின்னமும் கையை உட்டுப் போயிரும். அந்தச் சேதி வந்த அன்னிக்கு எனக்குப் பொக்குன்னு போச்சு. பாவாத்தாள் ‘உடுங்க, வேற ஒண்ணு குடுப்பாங்கல்ல’ன்னா. பொம்பளைக்கு என்ன தெரியும்?

குடுத்தாங்க. என்ன குடுத்தாங்கன்னு நெனைக்கறீங்க? தையல் மெசின்.

தையல் மெசினை வெச்சுட்டு ஒரு ஆம்பளை எப்படிங்க ஓட்டுக் கேப்பான்? கேட்டேன். ஒரு மெசினை வாடகைக்கு எடுத்து ஆட்டோ மேல கட்டிட்டு ஊர் ஊராப் போனேன். போன எடமெல்லாம் சனம் என்ன கேக்குதுன்னா, மெசின் எப்பக் குடுப்பீங்கன்னு கேக்குது. மயிலாத்தாள்னு ஒரு பெரியம்மா, எங்க கட்சிக்குக் கண்ணை மூடிட்டு ஓட்டுப் போடற கை. அது ஆட்டோவை மறிச்சு நின்னுக்கிச்சு.

“ஏஞ் சென்னியப்பா, எம்மருமவ பேரையும் எழுதிக்க. அவ நல்லாத் தைப்பா.”

“இது குடுக்கறதுக்கில்லீங்க பெரியம்மா, சின்னம்.”

“குடுக்காதவன் எதுக்குச்சாமி கொண்டாந்து காட்டறே? நம்ம மணி என்னாச்சு?”

“மணி இப்ப நம்முளுது இல்லீங்க.”

“அப்பறம் உங்கையில இருக்கறது என்ன?”

கையில மணிதானுங்க இருந்துச்சு. மணி அடிக்காமச் சனத்தை எப்படி வெளிய கூப்படறது? எத்தனையோ வருசமா அதானே பழக்கம்? மணியை அடிச்சேன், சனம் வந்துச்சு, தையல் மெசினுக்குப் போடுங்கன்னு சொன்னேன். ஒவ்வொரு தெருவுலயும் அப்படித்தான். எங்க வேட்பாளர் ஒரு வக்கீல், மெட்ராஸ்ல இருந்து கொண்டாந்து நிறுத்தினாங்க. அவரு மொத நாளே சொன்னாரு, ‘அண்ணே, அந்த மணியை மட்டும் வண்டியிலயே வெச்சுருங்கண்ணே’ன்னு. நான் சொன்னேன், தம்பி, உங்களுக்குச் சட்டம் தெரியும், எனக்கு எங்க சனத்தைத் தெரியும்னு. படிச்சவங்க அப்படித்தானுங்க, களத்துல எறங்கினா ஒண்ணும் தெரியாது.

இதுல நம்ம மைக்செட் குப்புராசு உள்ள வர்றான். எங்கூர்ல காதுகுத்து, கலியாணம், எழவு எல்லாத்துக்கும் ரேடியோக் கட்டறவன். அவனுக்கு ஒரு கிறுக்கு, எந்த எலெக்சன் வந்தாலும் சுயேச்சையா மனு போட்டுருவான். போஸ்டர் ஒட்ட மாட்டான், ஓட்டுக் கேக்க மாட்டான். போட்டோ பேப்பர்ல வந்தாப் போதும். அவன்ற ஊட்டு ஓட்டு மட்டும் உழுகும், அதுவும் சில தடவை முழுசா உழுகாது. இந்தத் தடவை சுயேச்சைங்களுக்குச் சீட்டுக் குலுக்கிச் சின்னம் குடுத்தாங்க. அவனுக்கு என்ன உழுந்துச்சுன்னு நான் சொல்லோணுமா?

மணி.

நேரா அவன்ற கடைக்குப் போனேன். டே குப்புராசு, வாபஸ் வாங்கிருடா, நாங்க நாசமாப் போயிருவோம்டான்னேன். அவன் ஒரு ஸ்பீக்கரைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கறான்.

“வாபஸ் வாங்கற நாள் முடிஞ்சாத்தானுங்கண்ணா சின்னமே குடுக்கறாங்க. நான் கேஸ் சிலிண்டர்தானுங்க கேட்டேன். மணி குடுத்துப்போட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

அவன் சொன்னதுலயும் ஞாயம் இருந்துச்சுங்க. நீ ஓட்டுக் கேக்கப் போகாதே, அது போதும்னு சொன்னேன். நான் எப்பங்கண்ணா போயிருக்கறேன்னான். வாக்குக் குடுத்த மாதிரியே ஒருநாள்கூட அவன் வெளிய போகலை. எங்க பிரச்சார வண்டிக்கே அவன்தான் மைக்செட் போட்டான், அப்பறம் அவன் எங்க போறது? வண்டிக்கு மேல தையல் மெசின், முன்னால ‘குப்புராசு சவுண்ட் சர்வீஸ்’னு போர்டு, உள்ள நான் மணியோட. இப்ப எவனோ அந்தப் போட்டோவையும் எடுத்துத் தலைவருக்கு அனுப்பியிருக்கறான். பாருங்க, எப்படியெல்லாம் கோத்து உடறாங்கன்னு.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு மடக்குக் குடிச்சுக்கறேன். இது கரூர்தானே? எறங்க வேண்டாம், இங்கிருந்து நேரா குளித்தலைதான்.

ஓட்டு எண்ணின அன்னிக்கு நான் உள்ள உக்காந்திருந்தேன். எங்களுக்கு டெபாசிட் போகும்னு தெரியும், அதுக்கு நான் தயாராத்தான் போனேன். குப்புராசுக்கு உழுந்ததைத்தான் தம்பி தாங்க முடியலை. ஊட்டை உட்டு வெளியவே வராதவனுக்கு, எங்களுக்கு உழுந்த மாதிரி எத்தனையோ மடங்கு. எங்கெல்லாம் நான் மணி அடிச்சுட்டுப் போனேனோ அங்கெல்லாம் அவனுக்குக் கொட்டியிருக்குது. நான் போகாத ஊர்ல அவனுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. எண்ணிட்டிருந்த அம்மிணி ஒண்ணு, ஆரு இந்தக் குப்புராசு, பெரிய ஆளான்னு என்னையவே கேக்குது.

அதோட உட்டானா? ரெண்டு நாள் கழிச்சுக் குப்புராசு ஒரு சால்வையைத் தூக்கிட்டு எங்கூட்டுக்கு வந்துட்டான். நாலு பேரு வேற கூட. அவன் நல்லவனுங்க, அவனுக்குச் சூது வாது தெரியாது. ‘அண்ணா, எனக்கு உழுந்த ஓட்டுப் பூரா உங்க ஓட்டுங்கண்ணா’ன்னு சொல்லி என்ற தோள்ல போத்தி உட்டு, கால்ல உழுந்து எந்திரிச்சான். ஊடு தேடி வந்தவனை எப்படிங்க போடான்னு சொல்றது? பாவாத்தாள் காப்பி வெச்சுக் குடுத்தா. கூட வந்தவன் ஒருத்தன் போட்டோ எடுத்துட்டான். பின்னால கேட்டுல மணி தெரியுது, முன்னால மணி சின்னத்துக்காரன், நடுவுல சால்வையோட நான். பொழுதுக்குள்ள அந்தப் போட்டோ திருச்சிக்குப் போயிருச்சு.

அன்னிக்கு ராத்திரி சோத்துக்கு உக்காந்தப்பத்தான் பாவாத்தாளைக் கேட்டேன். சும்மாத்தான் கேட்டேன், இவ மெசினுக்குத்தான் போட்டிருப்பாங்கற நெனப்புல. ஏம்புள்ளே, ஊரே நமக்குப் போடலை, நீ போட்டது ஒண்ணு, நான் போட்டது ஒண்ணு, அதாச்சும் இருக்குதேன்னேன். அவ கொழம்பை ஊத்திட்டே சொல்றா.

“நான் மணிக்குத்தானுங்க போட்டேன்.”

ஏன்டீன்னேன்.

“கலியாணம் ஆன நாள்ல இருந்து நீங்க சொன்னது அதுதானுங்களே. உள்ள போனதும் கை அங்க போயிருச்சு. அமுத்தினப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. அதுக்கு என்ன பண்றது?”

அதுக்கு என்ன பண்றதாம். எவ்வளவு சாதாரணமாக் கேக்கறா பாருங்க. தட்டை எடுத்து வாசல்ல வீசிப்போட்டேன் தம்பி. வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். ஊட்டுக்குள்ளயே துரோகியை வெச்சுட்டு நான் ஊர்ல போயிக் கட்சி வளத்தினேன் பாருன்னேன். இவளுக்கு மூளை இருக்குதா, மனசுன்னு ஒண்ணு இருக்குதா, சொந்தமா யோசிச்சு ஒரு பொத்தானை அமுத்த மாட்டாளான்னு கேட்டேன். தலைவர்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்கற வரைக்கும் உன்ற கையில பச்சைத்தண்ணி வாங்க மாட்டேன்னுட்டேன். விடிஞ்சதும் முத்தூர்ல அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. நானும் கூப்படலை. ஓட்டல்லதான் சாப்பாடு. அவளாத்தான் வரோணும், தப்புப் பண்ணினது அவ.

அதுக்கப்பறம் திருச்சியில இருந்து போன் வந்துச்சு. தலைவரோட உதவியாளர் பேசினாரு. எல்லா ஒன்றியச் செயலாளரும் நேர்ல வரோணும்னு தலைவர் உத்தரவாம். எங்க பார்த்தாலும் துரோகம்னு தலைவர் மனசு ஒடைஞ்சு கெடக்கறாராம். ஒவ்வொருத்தரும் அவங்கம்மா படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணோணும். பண்றவங்களை வெச்சுக் கட்சியை நடத்தறது, பண்ண முடியாதவங்களை வெளிய தாட்டி உடறது. சுத்தமான ஆளுங்க பத்துப் பேர் இருந்தாப் போதும், கட்சியை மறுபடி எழுப்பிருவேன்னு சொல்றாராம். இல்லைன்னா கட்சியைக் கலைச்சுட்டுப் பெரிய கட்சி ஒண்ணுல போயிச் சேந்துருவாருன்னு ஒரு பேச்சும் இருக்குது. அதை நான் நம்பலை. இந்தக் கொடியை எறக்கறதுக்கு அவருக்கு மனசு வராதுங்க.

எனக்கு அந்தப் போன் வந்ததும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. சத்தியந்தானே? சால்வை, போட்டோ, மைக்செட் எல்லாத்துக்கும் அதுல பதில் இருக்குது. என்ற ஓட்டு எனக்குத் தெரியும். அது ஒண்ணு சுத்தமா இருக்குது. இன்னொண்ணும் வெச்சிருக்கறேன் தம்பி. ஆதாரம். தலைவர்கிட்ட மட்டுஞ் சொல்லலாம்னு இருந்தேன், நீங்க நம்ம ஆளு மாதிரி இருக்கறீங்க, அதனால சொல்றேன்.

எங்க பூத்து ஓட்டை வேற மேசையில எண்ணினாங்க, பாவாத்தாள் போனப்பறந்தான் அந்தக் கணக்கு என்ற கைக்கு வந்துச்சு. எங்க பூத்துல, நான் ஏஜெண்டா உக்காந்திருந்த பூத்துல, தையல் மெசினுக்கு எத்தனை ஓட்டுன்னு நெனைக்கறீங்க?

ஒண்ணுமில்லை. சைபர்.

புரியுதுங்களா? ஊர் போடலை, சரி. பாவாத்தாள் போடலை, சரி. நான் போட்டேனில்ல? நான் போட்ட ஒரு ஓட்டு எங்கீங்க போச்சு? சைபர்னு காட்டுதுன்னா ஓட்டு மெசின்ல கோளாறுன்னு தானே அர்த்தம்? என்ற ஓட்டே காணம்னா மத்தவங்க ஓட்டு எத்தனை காணாமப் போயிருக்கும்? எங்களுக்கு ஓட்டு இல்லாம இல்லீங்க தம்பி, இருக்குது, காட்டலை. இதைத் தலைவர் முன்னால வெச்சேன்னா அவரு எந்திரிச்சு உக்காந்துருவாரு. கேஸ் போடலாம், கூட்டம் போடலாம். கட்சி தேறும்னு நான் எதை வெச்சுச் சொன்னேன்னு நெனைக்கறீங்க? இதை வெச்சுத்தான்.

ஏனுங்? கண்ணாடியில சீட்டைப் பார்த்தனான்னா கேக்கறீங்க?

ஆமாங்க, பக்கத்துல கண்ணாடிப் பொட்டி இருக்கும். அமுத்தினதும் உள்ள வெளக்கு எரியும், நாம போட்ட சின்னம் சீட்டுல வந்து சித்த நேரம் நிக்கும், அப்பறம் உழுந்துரும். பார்த்தேனுங்க. அதைப் பாக்காம நான் வருவனா? மத்தவங்க மாதிரி அமுத்திட்டு ஓடியாற ஆள் இல்லை நான். அன்னிக்கு நான்தான் மொத ஆளு. இந்தப் பச்சை தெரியக் கூடாதுன்னு ஆபீசர் சொன்னாருன்னு முழுக்கைச் சட்டை போட்டுட்டுப் போனேன். உள்ள போனேன், தலைவரை மனசுல நெனைச்சேன், அமுத்தினேன். சத்தம் வந்துச்சு. குனிஞ்சு கண்ணாடியை உத்துப் பார்த்தேன். சீட்டு வந்து நின்னுச்சு. நல்லாத் தெளிவாத் தெரிஞ்சுதுங்க, நாக்குக் கூடத் தெரிஞ்சுது. அப்பாடான்னு திருப்தியா வந்து என்ற எடத்துல...

இருங்க. சித்த இருங்க தம்பி.

நாக்குன்னா சொன்னேன்?

மெசினுக்கு எங்கீங்க நாக்கு இருக்குது? ஊசியைச் சொன்னேன். தையல் மெசின் ஊசி. அதைத்தான் பார்த்தேன். சக்கரம் இருந்துச்சு, ஊசி இருந்துச்சு. சக்கரம் இருந்துச்சுங்களா? இல்லீங்க, கண்ணாடி கருப்பா இருக்கும், உள்ள சின்ன வெளக்கு, எனக்கு வயசாச்சு, கண்ணுல புரை வேற இருக்குது. அது எப்படிங்க தெரியும்? ஒரு ஆளுக்கு அது எப்படித் தெரியும்? நீங்க ஏன் தம்பி என்னை அப்படிப் பாக்கறீங்க?

தெரிஞ்சுது. மணிதான் தெரிஞ்சுது.

நான் அதைப் பார்த்துட்டுச் சிரிச்சேன் தம்பி. இப்ப நெனப்பு வருது. நம்ம மணின்னு நெனைச்சுட்டுத்தான் வெளிய வந்தேன். அந்த மெசினை ஊர் ஊரா ஆட்டோவுல கட்டிட்டுப் போனவன் நான். அது அந்த நேரத்துல என்ற மனசுல இல்லவே இல்லை. இத்தனை நாளா அந்த நெனப்பு எனக்கு வரலை. இப்ப நீங்க கேட்டு, நான் வாயைத் தொறந்து சொன்னப்பறந்தான் வருது. ஏந் தம்பி கேட்டீங்க? கேக்காம இருந்திருந்தா நான் நல்லாப் போயிச் சத்தியம் பண்ணிட்டு வந்திருப்பேன். நெஞ்சுல கை வெச்சுப் பண்ணியிருப்பேன்.

அந்தப் பூத்துல கட்சிக்குன்னு இருந்தது ஒரே ஓட்டு. அதையும் நான் போடலை.

பாவாத்தாளாச்சும் அமுத்தினப்பறம் நெனப்பு வந்துச்சுன்னு சொன்னா. எனக்கு அதுவும் வரலை. அவளை என்ன பேச்சுப் பேசிப்போட்டேன் தெரியுங்களா? மூளை இருக்குதாடீன்னு கேட்டேன். அவ தட்டுல போட்ட சோத்தை வாசல்ல வீசினேன். காக்கா வந்து தின்னுச்சு. அவ கூட்டிப் பெருக்கிட்டுப் போயிப் படுத்தா. எந்த மூஞ்சியை வெச்சுட்டு நான் முத்தூருக்குப் போறது?

குளித்தலை தாண்டியாச்சுங்களா? எப்பத் தாண்டினோம்? நான் எறங்கியிருக்கோணும். கண்டக்டரைக் கூப்படுங்களேன், எங்காச்சும் நிறுத்தினா எறங்கிக்கறேன். முக்கொம்பு வருதுங்களா, அங்க எறங்கிக்கறேன். இல்லை, எறங்கி எங்க போறது? போகலைன்னாத் துரோகின்னு போடுவாங்க. போயி உண்மையைச் சொன்னாலும் துரோகிதான். ‘தலைவரே, நான் குப்புராசுக்குத்தான் ஓட்டுப் போட்டேன், சால்வையும் வாங்கினேன், ஆனா நான் துரோகி இல்லை’ன்னு சொன்னா எவனுங்க நம்புவான்? நானே நம்ப மாட்டேன். பொய்யாச் சூடம் அடிக்கலாம்னா பெரியப்பன் மூஞ்சி வந்து நிக்குது. ஒண்ணு செய்யுங்க தம்பி, நீங்க கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க. மனசுல கட்சிக்குப் போட்டுட்டு, கை வேற எடத்துல போட்டா, அது கட்சிக்குப் போட்ட கணக்கு ஆகாதுங்களா? சூடத்துக்கு முன்னால அப்படிச் சொன்னா அது பொய்யா? நீங்க படிச்சவரு. சும்மாச் சொல்லுங்க.

போன் அடிக்குது. திருச்சி நம்பருங்க. எடுக்கட்டுமா, வேண்டாமா? எடுத்தர்றேன்.

வணக்கமுங்க... ஆமாங்க, சென்னியப்பன்தானுங்க... வந்துட்டிருக்கறேன், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தாச்சுங்க... தலைவருங்களா? பேசறாருங்களா? ...தலைவரே, வணக்கம் தலைவரே... ஆமாங் தலைவரே... ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க தலைவரே... அழுகாதீங்க... ஆருமே வரலைங்களா? ...கரூர்க்காரங்க? ...தாராபுரம் கூட வரலைங்களா? ...இல்லீங் தலைவரே... சரிங் தலைவரே... சரிங்... வாங்கிட்டு வந்தர்றேன்.

தலைவரே பேசினாருங்க தம்பி. காலையில இருந்து படத்துக்கு மாலை போட்டுட்டு உக்காந்திருக்கறாராம். அத்தனை செயலாளர்ல ஒருத்தரும் வரலை. பாதிப்பேர் போனையே எடுக்கலையாம். மேசை மேல கட்சியைக் கலைக்கற அறிக்கையை எழுதி வெச்சிருக்கறாராம், கையெழுத்துத்தான் பாக்கி. ‘சென்னியப்பா, நீ ஒருத்தன் வந்து சத்தியம் பண்ணினாப் போதும், அதைக் கிழிச்சுப் போட்டுருவேன். உன்ற ஒரு ஓட்டை நம்பி நான் இன்னொரு எலெக்சன் நிப்பேன்’ங்கறாரு. தலைவர் அழுது நான் கேட்டதில்லீங்க.

எந்திரிங்க, சத்திரம் வந்துருச்சு. அந்தக் கம்பியைப் புடிச்சுக்கறேன், நீங்க முன்னால எறங்குங்க.

தம்பி, ஒரு நிமிசம். உங்களுக்கு இந்த ஊர் தெரியுங்களா? அவரு ஊட்டுல சூடம் தீந்துபோச்சாம், வர்ற வழியில ஒரு பாக்கெட் வாங்கிட்டு வரச் சொன்னாரு. இங்க பக்கத்துல கடை எதாச்சும் இருக்குதுங்களா?